விலக்குப் பட்டியலில் இல்லாதவர்கள்

மே 9

வாலுவின் அப்பாவுக்கு,

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதோடு எனக்கும் கடிதத்துக்கும் இருந்த உறவு முடிந்துவிட்டது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். "எல்லாரும் உசிரோட இருக்கோம்னு முதல்ல எழுது, மத்ததெல்லாம் அப்புறம்" என்றார் மாமா. எழுதிவிட்டேன். உங்கள் அப்பாவும் வாலுவும் நானும் உயிரோடு இருக்கிறோம்.

திங்கட்கிழமை மத்தியானம் ஃபோன் செத்துவிட்டது. என் செல்தான் கெட்டுப்போனது என்று தட்டித் தட்டிப் பார்த்தேன். வெளியே வந்தால் தெருவே செல்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடியில் நிற்கிறது. செல், வீட்டு ஃபோன், இன்டர்நெட் எல்லாம் ஒரே நேரத்தில் போயிருக்கிறது. மாலையில் நீங்கள் கூப்பிடும் நேரத்துக்கு வாலு வழக்கம்போல ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முன்பல் விழுந்திருந்தது. உங்களிடம் காட்ட வேண்டுமென்று கையில் பொத்தி வைத்திருந்தாள். இருட்டியும் எழுந்திருக்கவில்லை.

"அப்பா மறந்துட்டாரு."

"மறக்கலடி. லைன் இல்ல."

"அப்பாதான லைன் ஆபீஸ்ல இருக்காரு?"

ஃபோனை அவள் மடியிலிருந்து எடுத்துச் சார்ஜில் போட்டேன்.

காரணம் அங்கே பேப்பரில் வந்ததா தெரியவில்லை. ஏரித் தண்ணீரைப் புதுத் தொழிற்சாலைக்குத் தர முடியாது என்று நம் நகரசபை தீர்மானம் போட்டதல்லவா, அந்த வாரமே சபையைக் கலைத்துவிட்டு ஓர் அதிகாரியை நிர்வாகி என்று அனுப்பிவிட்டார்கள். ஜனங்கள் சபைக் கட்டடத்து வாசலில் போய் உட்கார்ந்தார்கள். சும்மாதான் உட்கார்ந்தார்கள். ஒரு கல்லைக்கூட யாரும் தொடவில்லை. நானும் டியூட்டி முடிந்து ஒரு நாள் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவர்களை எழுப்ப முடியாததால் ஊரையே ஊமையாக்கிவிட்டார்கள். வதந்தி பரவாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று ஒலிபெருக்கி வண்டி தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போகிறது. குறை இருந்தால் இன்ன எண்ணுக்கு இலவசமாக ஃபோன் செய்யலாம் என்றும் சொல்கிறது. மாமா வாசலில் நின்று அந்த வண்டியைப் பார்த்து ஒரு பெரிய கும்பிடு போட்டார்.

ஆஸ்பத்திரியில் என் வேலையே ஃபோன் எடுப்பதுதானே. ஆம்புலன்ஸ் வேண்டுமென்று கூப்பிடுகிறவர்களிடம் இடம் கேட்டு, வண்டி ஓட்டும் அண்ணனைத் திருப்பி விடுவது. இப்போது மேஜையில் இருக்கும் ஃபோன் வெறும் பொம்மை. யாராவது ஓடிவந்து சொன்னால்தான் வண்டி கிளம்பும். ஓடத் தெம்புள்ள ஆள் இருக்கும் வீட்டுக்குத்தான் இப்போது ஆம்புலன்ஸ்.

தபாலைப் பிரித்துப் படிக்கிறார்களாம். அதனால் இதை ஸ்டெப்னியிடம் கொடுத்தனுப்புகிறேன். காய்கறி லாரியில் எப்போதும் இரண்டாவது டிரைவராகவே உட்கார்ந்து போவாரே, அவர்தான். காய்கறிக்குத் தடை இல்லை. தலைநகரத்தில் அடுப்பு எரிய வேண்டுமே.

நீங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலேயே இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியப்போகிறது? எப்போது வரும் என்று யாரைக் கேட்க வேண்டுமோ கேட்டு எழுதுங்கள். நீங்கள் ஃபோனில் பெரிதாக என்ன பேசிவிடுவீர்கள், "ம்", "சரி", "வேறென்ன" என்பதுதானே. அந்த "வேறென்ன"வைக் கேட்காமல் எனக்கு நாள் முடிய மாட்டேன் என்கிறது.

வாலுவின் அம்மா

*

மே 13

என் டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதம் முட்டைக்கோஸ் வாசனையோடு வந்து சேர்ந்தது. அறையில் கூட இருப்பவன் "என்னடா, வீட்டிலிருந்து பொரியலா?" என்று கேட்டான். ஆஸ்பத்திரியில் ஃபோன் எடுப்பவளை டாக்டரம்மா என்று நான் கேலி செய்தால் அடிக்க வருவாயே, அந்த அடி இப்போது கிடைத்தால்கூடத் தேவலை.

இங்கே எதுவும் நடந்ததாகவே தெரியவில்லை. பஸ் ஓடுகிறது, சினிமாவுக்குக் கூட்டம் போகிறது. நம் பகுதியில் அமைதி திரும்பிவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். கேன்டீனில் ஒருவர், "யாரும் சாகலையே, சும்மா ஃபோன்தானே போச்சு" என்றார். அவர் மனைவி அதே கட்டடத்தின் நான்காவது மாடியில் வேலை செய்கிறாள்.

மாலையானால் என் கை தானாகப் பைக்குள் போகிறது. உன் எண்ணை அழுத்துகிறேன். தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு பெண் குரல் சொல்கிறது. எங்கள் ஆபீசிலேயே பதிவு செய்த குரல் அது. நேற்று அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். வேறென்ன?

வாலுவின் பல்லைத் தூக்கி எறிந்துவிடாதே. வந்து பார்க்கிறேன். அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? சீக்கிரம் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள்.

உன்னுடையவன்

*

மே 20

வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தில் கேன்டீன் இருக்கிறது, சினிமா இருக்கிறது, முட்டைக்கோஸ்கூட இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் மட்டும் இல்லை.

ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தையல்காரப் பெண்ணை நினைவிருக்கிறதா? வாலுவுக்கு மஞ்சள் கவுன் தைத்துக் கொடுத்தாளே. புருஷன் உங்கள் ஊரில்தான் கட்டட வேலை செய்கிறான். வியாழக்கிழமை அவளுக்கு வலி எடுத்துவிட்டது, நாளுக்கு முன்பே. அவள் தங்கச்சி கரை நெடுக ஓடிவந்தாள். அவள் வந்து என் மேஜையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோது வண்டி வெளியே போயிருந்தது. எங்கே போயிருந்தது தெரியுமா? ஏரிக்கரை வழியாகத்தான் அந்நேரம் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு வாசலைத் தாண்டித்தான் வந்தது. அண்ணனுக்கு ஒரு ஃபோன் போட முடிந்திருந்தால், "நிறுத்துங்க, அந்த நீலக் கதவு வீடு" என்று சொல்லியிருப்பேன். வண்டி ஆஸ்பத்திரிக்கு வந்து, மறுபடி கிளம்பி, போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்துவிட்டது. அழவில்லை.

தாய் பிழைத்துக்கொண்டாள். அண்ணன் அன்று முழுக்க வண்டியை விட்டு இறங்கவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணின் அம்மா ஆஸ்பத்திரி வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். "லைனை அணைச்சவன் கை விளங்காமப் போகட்டும்" என்றாள். நானும் மனசுக்குள் அதையே சொன்னேன்.

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சாதம் வடிக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. சாதம் குழைந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. நேராகவே கேட்கிறேன். எங்கள் லைனை யார் அணைத்தது? உங்கள் ஆபீசில்தானே அணைத்திருப்பார்கள்? நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள்?

*

மே 25

உனக்கு,

டாக்டரம்மா என்று எழுதி அடித்துவிட்டேன். இந்தக் கடிதத்தில் அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை.

நான்தான்.

அன்று காலை ஷிப்டு எனக்கு. உள்ளே வரும்போதே வாசலில் செல்லை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மேலிடத்திலிருந்து ஒருவர் வந்தார், கூட இரண்டு பேர் யூனிஃபாரத்தில். எங்கள் மேலாளர் நாற்காலியைத் தன் கைக்குட்டையால் துடைத்துப் போட்டார். வந்தவர் என் முன்னால் ஒரு தாளை வைத்தார். அணைக்க வேண்டிய பகுதிகள் அதில் இருந்தன. நம் ஊர் இருந்தது.

"சார், இது எங்க ஊரு" என்றேன்.

"அதுக்கு?" என்றார்.

பின்பக்கம் விலக்குப் பட்டியல். போலீஸ், நிர்வாகி அலுவலகம், தொழிற்சாலை. "ஆஸ்பத்திரி இல்லையே சார்?" என்று கேட்டேன். "பட்டியல்ல இல்லன்னா இல்ல" என்றார். வேண்டுமென்று விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. யாரோ ஞாபகமில்லாமல் விட்டிருக்கிறார்கள். அதைத் திருத்தும் தைரியம் அங்கே யாருக்கும் இல்லை. மேலாளர் என் காதருகே குனிந்தார். "நீ போடலன்னா பக்கத்து சீட்டுக்காரன் போடப்போறான். ஃபோனும் போகும், உன் வேலையும் போகும். ரெண்டும் போகணுமா?"

எண்ணைத் தட்டினேன். திரையில் 'உறுதியாகவா?' என்று வந்தது. அந்த அறையில் என்னை அப்படிக் கேட்டது அந்த இயந்திரம் ஒன்றுதான். 'ஆம்' என்று அழுத்தினேன். பிறகு கேன்டீனுக்குப் போய்ச் சாப்பிட்டேன். பசித்தது. அதையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

வெறும் எண்ணைத்தானே அணைக்கிறோம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டிருந்தேன். நீ அந்த நீலக் கதவைப் பற்றி எழுதும்வரை.

உன் முதல் கடிதம் வந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். நீ என்னைத் திட்டுவாய் என்று பயப்படவில்லை. திட்டாமல் இருந்துவிடுவாயோ என்றுதான் பயந்தேன்.

*

ஜூன் 2

உனக்கு,

ஸ்டெப்னி இந்த வாரம் வெறுங்கையோடு வந்தார். "அக்காகிட்ட கேட்டேன். ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க" என்றார். பிறகு நான் நின்ற நிற்பைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்காங்க, பாப்பாவும் நல்லா இருக்கு" என்று அவராகச் சேர்த்துச் சொன்னார். ஒரு கிலோ கத்தரிக்காயை என் கையில் திணித்துவிட்டுப் போனார். எங்கள் அறையில் அடுப்பு கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணின் புருஷன் வேலை செய்யும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். சாரத்தின் மேலே நின்று செங்கல் வாங்கிக்கொண்டிருந்தான். தனக்குப் பிள்ளை பிறந்து இறந்துபோனது அவனுக்கு இன்னும் தெரியாது. கீழே ரொம்ப நேரம் நின்றேன். பேசாமல் திரும்பிவிட்டேன்.

உன்னை எழுதச் சொல்லிக் கேட்க எனக்கு முகமில்லை. வாலுவிடம் ஒரு தாளில் எதையாவது கிறுக்கச் சொல்லி அனுப்பு. படம்கூடப் போதும்.

*

ஜூன் 6

மாமாவின் ரத்தக்கொதிப்பு மாத்திரை இங்கே எந்தக் கடையிலும் இல்லை. காலி அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். அதே அளவில் வாங்கி அனுப்பவும்.

வாலு நலம். அவளுக்கும் மாமாவுக்கும் நான் எதுவும் சொல்லவில்லை.

*

ஜூன் 10

உனக்கு,

மாத்திரை இருக்கிறது. வாலுவுக்குக் கலர் பென்சில்.

ஆஸ்பத்திரியை விலக்கில் சேர்க்கச் சொல்லி முறைப்படி எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். மேலாளர் மேலே அனுப்பினார். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். மறுபடி கேட்டதற்கு, "உனக்கென்ன அங்கே இவ்வளவு அக்கறை?" என்று கேள்வி திரும்பி வந்தது. அதோடு நிறுத்திவிட்டேன். கேட்பதைத்தான் நிறுத்தினேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது ஆஸ்பத்திரி ஃபோனை எடுத்துப் பார். அண்ணனின் செல்லும் வேலை செய்யும். ஏரிக்கு அந்தப் பக்கம் பால் சொசைட்டி ஃபோனும். அதற்கு மேல் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஒன்றே ஒன்று. அந்த ஃபோனிலிருந்து என்னை மட்டும் கூப்பிடாதே. எங்கள் எல்லோருடைய செல்லுக்கும் எங்கிருந்து அழைப்பு வருகிறது என்று பார்க்கிறார்கள். நம் ஊரிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்தால் திறந்தது யார் என்று தேட வேண்டிய அவசியமே இருக்காது. நானும் கூப்பிட மாட்டேன். கூப்பிடாததற்கு அர்த்தம் வேறு எதுவும் இல்லை.

இதைக் கிழித்துவிடு.

*

ஜூன் 17

வாலுவின் அப்பாவுக்கு,

எடுத்தேன். 'ங்ங்' என்று அந்தச் சத்தம் வந்தது. முன்பெல்லாம் அதை ஒரு சத்தமாகவே நான் மதித்ததில்லை. காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். டாக்டர் வந்து, "என்னம்மா, செத்த ஃபோன்ல யார்கூட பேசற?" என்றார். அவர் காதில் வைத்தேன். அவர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

அன்று மத்தியானமே பால் சொசைட்டியிலிருந்து அடித்தது. ஒரு பெரியவர் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்துவிட்டார். அண்ணன் கிழக்கே போயிருந்தார். செல்லில் கூப்பிட்டு அப்படியே திருப்பினேன். "என்னம்மா, நிஜமாவே நீதான் பேசறியா?" என்று அண்ணன் கத்தினார். பெரியவருக்குக் கால் முறிவோடு போயிற்று. ரத்தம் கேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் பேச முடிந்தது.

யாரும் மூச்சு விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூச்சு விடாமல் எத்தனை நாள் இருக்க முடியும்? ஸ்டோர் ரூம் அக்காவுக்கு மகன் வெளிநாட்டில் இருக்கிறான். "ஒரே நிமிஷம்டி" என்றாள். என்னால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. அடுத்த நாள் அவள் நாத்தனார் வந்தாள். இப்போது ஊருக்கே வயிற்றுவலி. பின்வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். கையில் எண் எழுதிய துண்டுச்சீட்டு. காவலுக்கு நிற்கும் போலீஸ்காரருக்கும் நேற்று வயிற்றுவலி வந்துவிட்டது. தொப்பியைக் கழற்றிவிட்டு அவர் அம்மாவோடு பேசினார்.

நான்தான் எல்லோருக்கும் எண்ணைப் போட்டுக் கொடுக்கிறேன். என்ன பேசுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? "சாப்பிட்டியா?" அவ்வளவுதான். மளிகைக்கடை அம்மா அதைக்கூடக் கேட்கவில்லை, அழுதுவிட்டு வைத்துவிட்டாள். இதைப் பேசவிடாமல் தடுக்கவா இத்தனை வண்டி, இத்தனை துப்பாக்கி?

தையல்காரப் பெண்ணும் வந்தாள். புருஷன் வேலை செய்யும் இடத்து மேஸ்திரியின் எண் வைத்திருந்தாள். போட்டுக் கொடுத்துவிட்டு நான் எழுந்து வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது ரிசீவரைத் துடைத்து வைத்துவிட்டு, "நல்லா இருப்பீங்கக்கா" என்றாள். நான் உங்களை நினைத்துக்கொண்டேன். என்ன நினைத்தேன் என்று கேட்காதீர்கள்.

கோபம் போய்விட்டது என்று எண்ணிவிட வேண்டாம். அது அப்படியே இருக்கிறது. அது இருக்கும் இடத்திலேயே இதுவும் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டையும் பிரித்து வைக்க எனக்கு இடமில்லை.

நாள் முழுக்க ஊராருக்கு எண் போடுகிறேன். எல்லோரும் போனபிறகு ஃபோன் சும்மா இருக்கிறது. என் விரலுக்கு உங்கள் எண் தெரியும். மேஜைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தத் தாளின் பின்பக்கம் இருப்பது வாலு வரைந்தது. நீங்கள்தானாம். காது ஏன் அவ்வளவு பெரிசு என்று கேட்டேன். "தூரத்துல இருந்து கேக்கணும்ல" என்றாள்.

*

ஜூன் 23

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் அடித்தது நான்தான். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அன்று வாலுவுக்குக் காய்ச்சல். பயப்படும்படி எதுவும் இல்லை, ஆனால் தூக்கத்தில் உங்களோடு பேசிக்கொண்டே இருந்தாள். "ம்... சரி... வேறென்ன" என்று உங்களைப் போலவே. டியூட்டிக்கு வந்து உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் யாரும் இல்லை. என் விரல் போட்டுவிட்டது. குரலை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடலாம் என்று நினைத்தேன். நீங்கள் "ஹலோ" என்றீர்கள். கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு "ஹலோ", முதலில் சொன்னதைப் போல இல்லாமல், மெதுவாக. அதற்குப் பிறகு நீங்கள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நான்தான் முதலில் வைத்தேன்.

இன்று காலை ஃபோனை எடுத்தால் சத்தம் இல்லை. அண்ணனின் செல்லும் போய்விட்டது. பால் சொசைட்டியிலிருந்து ஆள் ஓடிவந்து சொன்னான்.

உங்களுக்கு ஒன்றும் இல்லையே? ஒரு வரி எழுதுங்கள். ஒன்றும் இல்லை என்று மட்டும். நீங்கள் திட்டி எழுதினாலும் பரவாயில்லை.

*

ஜூலை 4

வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் அறை பூட்டியிருக்கிறது என்று ஸ்டெப்னி என் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். கூட இருந்தவனும் காலி செய்துவிட்டானாம். பக்கத்து அறைக்காரர், "நான் எதுவும் பார்க்கலப்பா" என்று கதவைச் சாத்திக்கொண்டாராம். எதைப் பார்க்கவில்லை என்று நான் ஸ்டெப்னியிடம் கேட்டேன்.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அணைத்ததையும், திறந்ததையும், நான் கூப்பிட்டதையும். மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "சாப்பாடு போடறாங்களோ என்னவோ" என்றார்.

பழைய கடிதத்தோடு இதையும் சேர்த்து அனுப்புகிறேன். திரும்பி வந்தால் மறுபடி அனுப்புவேன்.

*

ஜூலை 19

என் டாக்டரம்மாவுக்கு,

வெளியே வந்துவிட்டேன். எலும்பெல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. கொஞ்சம் இளைத்திருக்கிறேன். மீதியை நீ கேட்டாலும் எழுத மாட்டேன். உன் கடிதங்கள் எல்லாம் ஸ்டெப்னியிடம் கட்டாக இருந்தன. மார்க்கெட் வாசலில் உட்கார்ந்து படித்தேன். மூட்டை தூக்குகிறவர்கள் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

விசாரணை செய்தவர் ஒரு தாளைக் காட்டினார். ஆஸ்பத்திரி ஃபோனிலிருந்து போன அழைப்புகள் எல்லாம் அதில் இருந்தன. உலகத்தில் இத்தனை ஊர்களா என்று இருந்தது. அதில் ஒரே ஒரு வரியில் என் எண்.

"இதுல என்ன பேசினீங்க?"

"எதுவும் பேசல சார்."

"பேசாம எதுக்குய்யா ஃபோன்?"

"என் மனைவி சார்" என்றேன். வேறு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் 'மனைவி' என்று எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார். அவளுக்கு எதுவும் தெரியாது, ஃபோன் அடித்தால் எடுப்பது அவள் உத்தியோகம் என்று பத்துத் தடவை சொன்னேன். உன்னைக் கூப்பிட்டு விசாரித்தார்களா? அந்தப் பயத்தில்தான் உள்ளே பாதி நாள் போயிற்று.

நீ கூப்பிட்டதால்தான் மாட்டிக்கொண்டேனா என்று உனக்குள் கேட்டுக்கொண்டே இருப்பாய். ஆமாம், அதனால்தான். முன்பு ஒரு தடவை உன்னிடம் மறைத்தது போதும். ஆனால் அந்த அழைப்பு வராமல் இருந்திருக்கலாமே என்று ஒரு நாளும் நான் நினைக்கவில்லை. அந்த மூச்சு உன்னுடையது என்று எனக்கு முதல் "ஹலோ"விலேயே தெரியும். இரண்டாவது "ஹலோ" உனக்காகவே சொன்னது.

வேலை போய்விட்டது. மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் செய்யும் கடை ஒன்றில் இப்போது இருக்கிறேன். முதலாளி நல்லவர், அதிகம் கேட்பதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு நம் பகுதிக்குள் நான் கால் வைக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். சோதனைச்சாவடியில் என் படம் ஒட்டியிருக்கிறதாம். நல்ல படமா என்று ஸ்டெப்னியிடம் கேட்டேன். "சுமார்தான்" என்றார்.

அங்கே லைன் வந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். இந்தக் கடிதம் கிளம்பிய பிறகு கடையிலிருந்து உன்னைக் கூப்பிடுவேன். யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். இருக்கட்டும்.

உன்னுடையவன்

*

ஜூலை 28

வாலுவின் அப்பாவுக்கு,

ஃபோனில் நீங்கள் "கோபம் போச்சா?" என்று கேட்டீர்கள். நான் "அடுப்பில் பால் இருக்கிறது" என்றேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. நடுவில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டதே, அதை வைத்துக்கொண்டு என்னால் பேச முடியவில்லை. இத்தனை நாள் ஏங்கினது இந்த ஃபோனுக்கா என்று ஆகிவிட்டது. வாலு மட்டும் கவலைப்படாமல் பேசினாள். நடுவில் கேட்கிறவருக்கும் சேர்த்துத் தன் பல் கதையைச் சொன்னாள்.

என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நிர்வாகியின் அறைக்கு டாக்டரும் கூட வந்தார். "ஃபோன் அடிச்சுது, எடுத்தாங்க. அதுக்குத்தான் நீங்க சம்பளம் குடுக்கறீங்க" என்றார். இனிமேல் கவனமாக இருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எதில் கவனமாக இருப்பது என்று சொல்லவில்லை.

ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள், அதற்கும் ஃபோனில் நன்றாக இருக்கிறது என்றேன். கடைத்தெருவில் பேனர் கட்டியிருக்கிறார்கள், ஃபோனைத் திருப்பிக் கொடுத்த அரசுக்கு நன்றி என்று. கட்டச் சொல்லி யாரும் மிரட்டவில்லை, அவர்களாகவே கட்டினார்கள். சபை வாசலில் இப்போது யாரும் உட்காருவதில்லை. ஃபோன் இல்லாத நாட்களில் ஏரியிலிருந்து தொழிற்சாலை வரைக்கும் குழாய் பதித்து மண்ணையும் மூடிவிட்டார்கள். அண்ணன்தான் ஒரு நாள் வண்டியை நிறுத்திக் காட்டினார். தண்ணீர் போகும் சத்தம் கேட்கிறது. "எதுக்கு உக்காந்தோம்னே மறந்துபோச்சேம்மா" என்றார்.

சோதனைச்சாவடியில் உங்கள் படத்தை ஒட்டியதிலிருந்து விஷயம் பரவி, உங்களைப் பற்றி ஊரில் ஒரே பெருமை. ஆஸ்பத்திரி ஃபோனைத் திறந்துவிட்டவர் என்று மளிகைக்கடையில் என்னிடம் காசு வாங்க மாட்டேன் என்கிறார்கள். அணைத்தது யார் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. நான் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். தையல்காரப் பெண் வந்தபோது மட்டும் அப்படி முடியவில்லை. உங்களுக்காக ஒரு சட்டை தைத்துக்கொண்டு வந்திருந்தாள். அளவு கேட்க வெட்கப்பட்டு, குத்துமதிப்பாகத் தைத்ததாகச் சொன்னாள். அந்தச் சட்டையைக் கையில் வாங்கியதும் என்னால் தாங்க முடியவில்லை. உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன், அணைத்ததும் நீங்கள்தான் என்று.

என் கையிலிருந்த சட்டையை வாங்கி மேஜைமேல் வைத்தாள். பிறகு, "திறந்ததும் அவருதானா?" என்றாள்.

"ஆமா."

"கொஞ்சம் முன்னாடியே திறந்திருக்கலாம்லக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை. கொடுத்துவிட்டும் போகவில்லை. அது மேஜைமேல் கிடந்தது, அவள் எழுந்து போய்விட்டாள்.

அவள் சொன்னதற்கு உங்களிடம் ஒரு பதில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஃபோனில் கேட்க முடியாது, கடிதத்திலும் வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். பதில் இல்லையென்றாலும் அதையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்குத்தானே இங்கே வரத் தடை? நாங்கள் அங்கே வரக் கூடாது என்று எவனும் கையெழுத்து வாங்கவில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மாமா வரவில்லை. "ஒருத்தர் வீட்ல இருக்கணும், இல்லன்னா வீட்டையும் எடுத்துக்குவாங்க" என்கிறார். அண்ணன் வீட்டிலிருந்து அவருக்குச் சாப்பாடு வரும்.

சனிக்கிழமை காலை பஸ் ஏறுகிறோம். சோதனைச்சாவடியில் எவ்வளவு நேரம் நிறுத்துவார்களோ தெரியாது. எப்போது வந்தாலும் நீங்கள் அங்கே இருங்கள். வாலு தூங்கிப்போயிருப்பாள். முதலில் அவளை வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் பெட்டி. அதற்கப்புறம் நிமிர்ந்து என்னைப் பாருங்கள். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே இப்போது தெரியவில்லை. படியை விட்டு இறங்குவதற்குள் தெரிந்துவிடும்.